தடைசெய்யப்பட்ட பெயரின் கொடிவழி: மெக்ரெகர் குடும்பத்தைத் தேடி

1671 மார்ச் 7ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் பக்கனன் ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானம் பதிவானது. பெயர் ராபர்ட். தகப்பன் கிளென்கைலில் குடியிருந்த டொனால்டு மெக்ரெகர், தாய் மார்கரெட் காம்பெல். சாட்சிகளில் ஒருவர் ஜான் மெக்ரெகர். 41 ஆண்டுகளுக்குப் பிறகு, 1712இல், எடின்பரோ செய்தித்தாள் ஒன்றில் ஓர் அறிவிப்பு வந்தது. மாடு வாங்கித் தருவதாகப் பெரும்பணம் பெற்றுத் தலைமறைவான ஒருவரைப் பிடித்துத் தரச் சொல்லும் அறிவிப்பு அது. அதில் அவர் பெயர் ராபர்ட் காம்பெல். ராப் ராய் மெக்ரெகர் என்று மக்கள் அவரை அழைப்பது அடுத்துச் சேர்க்கப்பட்ட அடையாளம் மட்டுமே.

இருவரும் ஒரே ஆள்தான். பின்னாளில் வால்டர் ஸ்காட்டின் நாவலால் உலகப் புகழ் பெற்ற ராப் ராய். பிறந்தபோது தகப்பன் பெயரோடு பதிவானவருக்குப் பின்னர் தாயின் குடும்பப்பெயருக்குள் ஒதுங்க நேர்ந்தது. காரணம், 1693இல் மீண்டும் உயிர்பெற்ற ஒரு சட்டம். அந்தச் சட்டத்தின்படி மெக்ரெகர் என்ற பெயரைத் தாங்குவதே குற்றம்.

வம்சாவளி தேடுபவர் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் கயிறு குடும்பப்பெயர். அந்தக் கயிற்றையே அரசு அறுத்துவிட்ட ஒரு குடும்பத்தின் கொடிவழியை எப்படித் தேடுவது? மெக்ரெகர் வரலாற்றை ஆராய வேண்டியதற்கு இந்தக் கேள்வியே முதற்காரணம். ஒரு குலத்தின் இருப்பு அதன் பெயரில் எவ்வளவு இருக்கிறது, நிலத்திலும் தாய்வழியிலும் சாட்சிக் கையெழுத்திலும் எவ்வளவு இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் குடும்பங்கள் குறைவு.

பெயருக்கு விதித்த தண்டனை

மெக்ரெகர்களின் பூர்விகம் ஸ்காட்லாந்தின் மேல்நாட்டு (ஹைலண்ட்ஸ்) மலைப்பகுதியின் தென்மேற்கில் உள்ள கிளென்ஆர்கி, கிளென்ஸ்ட்ரே பள்ளத்தாக்குகள். 15ஆம் நூற்றாண்டுக்குள் கிளென்ஆர்கி, காம்பெல் குடும்பத்தின் கைக்கு வந்துவிட்டது. அதன்பின் மெக்ரெகர்கள் படிப்படியாகத் தங்கள் சொந்த மண்ணிலேயே குடியானவர்கள் ஆனார்கள். வாளின் வலிமையால் வைத்திருந்த நிலத்துக்கு அவர்களிடம் பத்திரம் இல்லை. காம்பெல்களிடம் அரசனின் முத்திரையிட்ட பத்திரம் இருந்தது. பின்னால் நடந்த துயரம் அத்தனைக்கும் வேர் இங்கேதான்.

பகை என்று ஒற்றைச் சொல்லில் இதை முடித்துவிட முடியாது. 1570 ஏப்ரலில் கிளென்ஸ்ட்ரேயின் தலைவன் கிரெகோர், டே ஏரிக் கரையில் காம்பெல்களின் கையால் தலை வெட்டப்பட்டான். அவன் மனைவி மேரியன், கிளென்லயன் காம்பெல் வீட்டுப் பெண். கணவனைத் தன் பிறந்தகத்தார் கொன்றதை நினைத்து, மடியில் குழந்தையை வைத்து அவள் பாடியதாகச் சொல்லப்படும் ஒப்பாரியும் தாலாட்டுமான கேலிக் பாடல் இன்றும் பாடப்படுகிறது. ஆவணம் எழுதியது ஆண்களின் கை. அந்த வீட்டின் துக்கம் ஒரு பெண்ணின் குரலில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிழைத்துவந்திருக்கிறது. அவளுடைய மகன் அலாஸ்டர்தான் அடுத்த தலைவன்.

1603 பிப்ரவரி 7 அன்று, கிளென் ஃபுருயின் பள்ளத்தாக்கில் அலாஸ்டரின் ஆட்கள் லஸ் பகுதியின் கஹூன் குலத்தாரைத் தோற்கடித்துப் பலரைக் கொன்றார்கள். அடுத்த மாதம் இங்கிலாந்தில் எலிசபெத் அரசி இறந்தாள். ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இரு நாட்டுக்கும் அரசனானான். இலண்டன் நோக்கி அவன் எடின்பரோவை விட்டுக் கிளம்பியது ஏப்ரல் 5. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 3 அன்று, அரசனின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சில் மெக்ரெகர் என்ற பெயரையே ஒழித்தது. அந்தக் குலத்தார் எல்லாரும் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும், மீறினால் மரணம்.

காம்பெல்களின் தலைவரான ஆர்கைல் பிரபுவிடம் அலாஸ்டர் சரணடைந்தான். இங்கிலாந்துக்குக் கூட்டிச் செல்வதாக வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சொன்னபடியே எல்லையைத் தாண்டி பெரிக் வரை அழைத்துப் போனார்கள். அங்கிருந்து அப்படியே திருப்பி எடின்பரோவுக்குக் கொண்டுவந்தார்கள். 1604 ஜனவரி 20 அன்று தன் ஆட்களோடு அவன் தூக்கிலிடப்பட்டான். தலைவன் என்பதால் மற்றவர்களைவிட உயரமான இடத்தில் தொங்கவிடப்பட்டான். சாவதற்கு முன் அவன் கொடுத்த வாக்குமூலம் எஞ்சியிருக்கிறது. தன்னை அண்டை வீட்டார்மேல் ஏவிவிட்டதே ஆர்கைல்தான் என்பது அதன் சாரம்.

தடை அத்தோடு நிற்கவில்லை. 1617இல் நாடாளுமன்றம் அதை உறுதிசெய்தது. 1633ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் நுணுக்கமானது. எந்தப் போதகரும் ஆண் குழந்தைக்கு கிரெகோர் என்று ஞானஸ்நானப் பெயர் இடக் கூடாது. எந்த எழுத்தரும் அந்தப் பெயரில் பத்திரம் எழுதக் கூடாது. மீறினால் பதவி போகும். குலத்துப் பிள்ளைகள் 16 வயது நிரம்பியதும் கவுன்சில் முன் வந்து ஜாமீன் கொடுக்க வேண்டும். அதாவது, மனிதர்களோடு சேர்த்து அவர்களைப் பதிவு செய்யும் பேனாவையும் சட்டம் தடுத்தது. உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்றதற்காக 1661இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினான். 1693இல் அது திரும்ப வந்தது. 1671இல் பிறந்த ராபர்ட்டுக்கு மெக்ரெகர் என்ற பெயர் பதிவேட்டில் கிடைத்தது, இந்த 32 ஆண்டு இடைவெளியில் அவர் பிறந்த ஒரே காரணத்தால்தான்.

பகைவர் வைத்த கணக்கு

பெயர் போனபின் இவர்களைத் தேட முதலில் போக வேண்டிய இடம் இவர்களை அழிக்க நினைத்தவர்களின் காகிதங்கள்.

பிரிவி கவுன்சிலின் பதிவேடுகளில், பெயர் மாற்றிக்கொண்டவர்களும் அவர்களுக்கு ஜாமீன் நின்றவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். முன்பு மெக்ரெகர், இப்போது ஸ்டூவர்ட். முன்பு மெக்ரெகர், இப்போது டிரம்மண்ட் என்ற வகையில் அந்தப் பதிவுகள் இருக்கின்றன. நம் ஊர்ப் பத்திரங்களிலும் வழக்கு ஏடுகளிலும் ‘இன்னார் என்கிற இன்னார்’ என்று எழுதுவோம். அந்த ‘என்கிற’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வாழ்க்கைகளை இணைக்கும் பாலம் இருக்கிறது. மெக்ரெகர் கொடிவழியில் பல இடங்களில் நம்மிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பாலம் மட்டுமே.

ஜாமீன்தாரரின் பெயரையும் கவனிக்க வேண்டும். ஒருவன் எந்த நிலப்பிரபுவின் பாதுகாப்பில் ஒதுங்கினானோ, பெரும்பாலும் அந்தப் பிரபுவின் குடும்பப்பெயரையே எடுத்துக்கொண்டான். காம்பெல் நிலத்தில் இருந்தவன் காம்பெல், டிரம்மண்ட் நிலத்தில் இருந்தவன் டிரம்மண்ட். கிரஹாம், மர்ரே, கிராண்ட் என்று இந்த வரிசை நீளும். புதுப்பெயர் இரத்த உறவைச் சொல்லாது. அவன் எங்கே அடைக்கலம் புகுந்தான் என்பதைச் சொல்லும்.

இன்னொரு சான்று தண்டம் கட்டியவர்களின் பட்டியல். 1610களின் தொடக்கத்தில், தேடப்பட்ட மெக்ரெகர்களுக்குச் சோறு போட்டவர்கள், படுக்க இடம் கொடுத்தவர்கள்மேல் அரசு கடும் அபராதம் விதித்தது. வசூல் கணக்குக்காக எழுதிய பட்டியல் அது. ஆனால் எந்த ஊரில் எந்த வீட்டார் இவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள் என்ற விவரம் அதில் கிடைக்கிறது. கொண்டான் கொடுத்தான் உறவு எங்கெல்லாம் இருந்தது என்று ஊகிக்க இதைவிட நேரடியான வழி அரிது.

மூன்றாவது, காம்பெல் குடும்பத்தின் ஆவணங்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி எழுதப்பட்ட ‘டேமவுத் கறுப்புப் புத்தகம்’ கிளென்ஆர்கி காம்பெல்கள் தங்கள் பெருமைக்காக எழுதவைத்த குடும்ப வரலாறு. தாங்கள் கொன்ற மெக்ரெகர்களின் பெயர்களை அதில் சாதனையாகக் குறித்துவைத்தார்கள். அதே குடும்பத்தின் குத்தகைக் கணக்குகளும் கடிதங்களும் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தப் பண்ணையை யார் உழுதார், அவருக்குப் பின் யார் வந்தார் என்பதை அந்தக் கணக்குகள் ஆண்டுவாரியாகச் சொல்கின்றன. குடும்பப்பெயர் மாறும்போதும் பண்ணையின் பெயர் மாறுவதில்லை. ஆகவே ஆளைத் தொடர முடியாத இடத்தில் நிலத்தைத் தொடர வேண்டும்.

1617: ஒரே ஆண்டு, இரண்டு சட்டங்கள்

ஸ்காட்லாந்து வம்சாவளி ஆய்வாளர்கள் நன்றியோடு நினைக்கும் ஆண்டு 1617. நிலம் கைமாறும் ஒவ்வொரு ஆவணத்தையும் பதிவுசெய்யும் ‘சேசின்’ பதிவேடு அந்த ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் நாடு முழுதும் தொடங்கியது. உலகின் மிகப் பழைய தேசிய நிலப் பதிவேடுகளில் அது ஒன்று. மெக்ரெகர் பெயர்த் தடையை உறுதிசெய்ததும் அதே நாடாளுமன்றம்தான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஓர் அரசு நினைவை எப்படிப் பங்கிடுகிறது என்பது விளங்கும். நிலம் உள்ளவனின் பெயர் நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கும். நிலச்சொத்தை உயில் எழுதிக் கொடுக்க 1868 வரை ஸ்காட்லாந்தில் சட்டம் இடம் தரவில்லை. அதனால் வாரிசு யார் என்பதை நடுவர் குழு விசாரித்துத் தீர்ப்பாக எழுதிவைத்தது. ‘ரிட்டூர்’ என்று பெயர்பெற்ற அந்தத் தீர்ப்புகள் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. இன்னாரின் பேரன், இன்னாரின் தம்பி மகன் என்று உறவுமுறை அவற்றில் துல்லியமாக இருக்கும். ஆனால் இதெல்லாம் சொத்துடையவர்களுக்கு மட்டுமே. பெரும்பாலும் குத்தகைக் குடிகளாக வாழ்ந்த மெக்ரெகர்கள் இந்த ஏடுகளுக்கு வெளியே நின்றார்கள். சட்டம் அவர்கள் பெயரைப் பறித்தது ஒரு முறை என்றால், நிலமில்லாமை அவர்களை ஏடுகளிலிருந்து விலக்கியது இன்னொரு முறை.

பின்னோக்கி நடக்கும் பாதை

இன்று ஒருவர் தன் முன்னோரைத் தேடினால் நிகழ்காலத்திலிருந்து பின்னோக்கியே நடக்க வேண்டும். புகழ்பெற்ற மூதாதையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கிவந்து தன்னோடு ஒட்டவைப்பவர்கள்தான் பெரும்பாலும் வழி தவறுகிறார்கள்.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே கட்டாயமாகப் பதிவுசெய்யத் தொடங்கியது 1855 ஜனவரி 1 முதல். அந்த முதல் ஆண்டின் சான்றிதழ்கள் விவரம் மிகுந்தவை. பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், திருமணமான இடம், மூத்த பிள்ளைகள் பற்றிய குறிப்பு எல்லாம் கேட்டு எழுதினார்கள். இவ்வளவையும் எழுதி மாளாது என்று அடுத்த ஆண்டே படிவத்தைச் சுருக்கினார்கள். ஆனால் இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய், தகப்பன் இருவர் பெயரும், தாயின் பிறந்தகப் பெயரோடு நிலைத்தன. 80 வயதில் 1855இல் இறந்த ஒருவரின் பதிவு நம்மை 1770களின் பெற்றோர்வரை கொண்டுபோய்விடும்.

குடிக்கணக்கு 1841 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை ஆள்வாரியாகக் கிடைக்கிறது. 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 1851 முதல் பிறந்த ஊரும் தெரியும். அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான் துணை. மிகப் பழையது பெர்த்ஷயரின் எரோல் ஊரில் 1553இல் தொடங்குகிறது. மேல்நாட்டு ஊர்கள் பலவற்றில் 18ஆம் நூற்றாண்டில்தான் பதிவே ஆரம்பம். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி இருந்ததால் ஏழைகள் பலர் பதிவு செய்யாமலே விட்டார்கள்.

ஏடு மௌனமாகும் இடத்தில் வழக்கம் பேசும். ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர் என்று வைப்பது பரவலான வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குவதாலேயே ‘பெயரன்’ பேரன் ஆனான் என்று அறிந்த தமிழருக்கு இது புதிதல்ல. குடும்பப்பெயர் மாறியபின்னும் ஒரு வீட்டில் இன்ன பெயர்கள் இன்ன வரிசையில் திரும்பத் திரும்ப வந்தால் அது கவனிக்க வேண்டிய தடயம். சான்றாகிவிடாது, தேட வேண்டிய திசையைக் காட்டும்.

அதைவிட வலுவான துணை பெண்களின் பெயர். மணமான பின்னும் ஸ்காட்லாந்துப் பெண் சட்ட ஆவணங்களில் தன் பிறந்தகப் பெயரை இழப்பதில்லை. கல்லறைக் கல்லிலும் அந்தப் பெயரே இருக்கும். ஆண்கள் நூறு ஆண்டுகளில் மூன்று முறை பெயர் மாற்றிய குலத்தில், மனைவியின் பெயர் அசையாமல் நின்றது. ராப் ராயின் ஞானஸ்நானப் பதிவையே மீண்டும் பாருங்கள். தாய் மார்கரெட் காம்பெல் என்ற பதிவு இருப்பதால்தான், 1712இன் ராபர்ட் காம்பெல் எங்கிருந்து அந்தப் பெயரை எடுத்தார் என்பது புரிகிறது. குழந்தையின் தகப்பன் வேறு ஊரைச் சேர்ந்தவர் என்பதும், அந்த ஊர்ப் போதகரின் சான்றோடு வந்தார் என்பதும், சாட்சியாக இன்னொரு மெக்ரெகர் உடன் நின்றார் என்பதும் அதே இரண்டு மூன்று வரிகளில் இருக்கின்றன. ஏட்டைப் படிப்பவர் முதற்பெயரோடு நின்றுவிடாமல் சாட்சி வரை படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அரச வம்சமும் ஆய்வின் வரம்பும்

தங்கள் இரத்தம் அரச இரத்தம் என்பது மெக்ரெகர்களின் குலவாசகம். ஒன்பதாம் நூற்றாண்டு அரசன் கென்னத் மெக்அல்பினின் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஃபோர்டிங்கல் ஊரில் வாழ்ந்த ஜேம்ஸ் மெக்ரெகர் என்ற சமயத் தலைவரும் அவர் சகோதரர் டங்கனும் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த ‘லிஸ்மோர் டீன் புத்தகம்’ கேலிக் இலக்கியத்தின் பெருங்கருவூலம். குலத்தை அந்த அரசன்வரை கொண்டுசெல்லும் வம்சாவளி ஒன்று அதிலும் இருக்கிறது. ஆனால் ஆவணத்தால் உறுதிப்படும் முதல் தலைவர்கள் 14ஆம் நூற்றாண்டினர். 1390இல் இறந்த ஒற்றைக்கண் இயன் அவர்களில் ஒருவர். அவருக்கும் கென்னத்துக்கும் நடுவில் ஐந்நூறு ஆண்டு இடைவெளி.

அந்த இடைவெளியைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. நிலம் இழந்துகொண்டிருந்த ஒரு குலம், எங்கள் உரிமை உங்கள் பத்திரத்தைவிடப் பழையது என்று சொல்ல அந்த வம்சாவளியைப் பாடியது. அதை 16ஆம் நூற்றாண்டின் உரிமைக்குரலாகப் படித்தால் அது முழு உண்மை. ஒன்பதாம் நூற்றாண்டின் பிறப்புப் பதிவாகப் படித்தால்தான் தவறு.

பெயர் ஒற்றுமையிலும் இதே கவனம் தேவை. நார்வேயின் இசைமேதை எட்வர்ட் கிரீக்கின் கொள்ளுத்தாத்தா அலெக்சாண்டர் கிரெய்க், ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து பெர்கன் நகருக்குப் போய்க் குடியேறியவர். கிரெய்க் என்பது கிரெகோர் என்ற பெயரின் திரிபு. அதனால் அவரும் மெக்ரெகரே என்று சொல்பவர்கள் உண்டு. கிரெகோர் என்ற கிறிஸ்தவப் பெயர் எந்த ஊரிலும் எந்தத் தகப்பனுக்கும் இருந்திருக்கலாம். அவன் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குலத்தார் ஆகிவிட மாட்டார்கள்.

தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் ஆய்வு அண்மைக் காலத்தில் புதிய சான்றைத் தந்திருக்கிறது. மெக்ரெகர் பெயருள்ளவர்களில் கணிசமானோர் ஒரே மரபணுக் குழுவில் சேர்கிறார்கள். வேறு குடும்பப்பெயர் தாங்கிய சிலரும் அதே குழுவில் வருகிறார்கள். தடைக் காலத்தில் பெயர் மாறிய வீடுகளின் தடம் இப்படி உடலிலும் எஞ்சியிருக்கிறது. அதேபோல் மெக்ரெகர் பெயரைப் பெருமையோடு தாங்கும் சிலரின் மரபணு அந்தக் குழுவில் சேர்வதில்லை. அவர்கள் போலிகள் இல்லை. குலம் என்பது எப்போதும் இரத்தத்தால் மட்டும் ஆனதில்லை. அடைக்கலம் புகுந்தவன், தத்து வந்தவன், தாய்வழிப் பெயர் கொண்டவன் எல்லாரும் அதில் அடக்கம். குலத்துக்காகத் தண்டம் கட்டியவனும் தூக்கில் தொங்கியவனும் எந்த மரபணுக் குழு என்று அன்று யாரும் கேட்கவில்லை.

திரும்ப எழுதப்பட்ட பெயர்

கடைசியாகத் தடை நீங்கியது 1774ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதே 1774இல்தான் எடின்பரோவில் நாட்டின் ஆவணங்களைக் காக்க, கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் வரைந்த பதிவாளர் மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெயர் தெருவுக்குத் திரும்பியபோது அதைத் தேடுவதற்கான வீடும் எழும்பத் தொடங்கியது.

தடை நீங்கியபின் குலத்தார் 826 பேர் கையெழுத்திட்டு ஒருவரைத் தலைவராக ஏற்றார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றிய அவர் பெயர் ஜான் மர்ரே. மெக்ரெகர் குலத் தலைவரே மர்ரே என்ற மாற்றுப் பெயரில் இருந்தார். அவர் குடும்பம் அரச அனுமதி பெற்று மெக்ரெகர் பெயரை மீட்டது 1822இல். அந்த ஆண்டு ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது, அரசின் மணிமுடியையும் வாளையும் காத்துச் சென்ற ஊர்வலத்தில் மெக்ரெகர்கள் நடந்தார்கள். அதே குடும்பத்தின் அமீலியா மர்ரே மெக்ரெகர் குலத்தின் வரலாற்றை எழுதி 1898இலும் 1901இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். சிதறிய ஆவணங்களை ஒரு பெண் திரட்டிக் கோத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. இந்தக் குலத்தின் பெயர் அறுந்த இடங்களில் எல்லாம் இழையைப் பிடித்திருந்தது பெண்களின் பெயர்தானே.

எல்லாரும் பெயரை மீட்கவில்லை. நாலைந்து தலைமுறையாகக் காம்பெல்லாகவும் டிரம்மண்டாகவும் வாழ்ந்துவிட்டவர்கள் பலர் அப்படியே இருந்துவிட்டார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் தேடத் தொடங்கும்போது கொடிவழியில் சில கட்டங்கள் நிரம்பாமல்தான் போகும். அந்த வெற்றுக் கட்டத்தில் ஊகத்தை எழுதி நிரப்புவது 1633ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததையே இன்னொரு விதத்தில் செய்வதாகும். வாழ்ந்த மனிதன்மேல் அவனுக்கு உரிமையில்லாத ஒரு பெயரைச் சுமத்துவது அது. சான்று நிற்கும் இடத்தில் எழுத்தும் நிற்கட்டும். அந்த வீட்டில் குழந்தை பிறந்தது, ஒரு போதகர் அதற்கு வேறொரு பெயரிட்டார், பக்கத்தில் ஒருவர் சாட்சியாக நின்றார் என்பது வரை தெரிந்தால், அடுத்துப் படிக்க வேண்டியது அந்தச் சாட்சியின் பெயரை.